சிவப்பு வண்டியில் வெள்ளை வளையம்

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்த மறுநாள் காலை மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவோரம் நின்ற எங்கள் சிவப்பு ஹோண்டா ஃபிட்டின் கூரையில் யாரோ கோலமாவை உதறிவிட்டுப் போனது போலிருந்தது. ஏப்ரல் மாத யாங்கோன் வெயில் உங்களுக்கே தெரியும். நாலு நாளாக வழியெங்கும் குழாயாலும் வாளியாலும் அடிபட்டு, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்த வண்டி. பக்கத்து வீட்டு வெள்ளை புரோபாக்ஸும் அதே தண்ணீரில்தான் நனைந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு வாங்கியவளுக்குத்தான் இந்த வேலை.

அந்த வெள்ளை வேறொன்றுமில்லை, இட்லிப் பானையின் அடியில் படிகிற அதே உப்புதான். கால்சியம், மக்னீசியம். தண்ணீர் ஆவியாகிப் போகும், இவை போகாது. துளி காயும்போது உள்ளிருக்கும் உப்பு விளிம்புக்கு நகர்ந்து படிவதால்தான் புள்ளியாக இல்லாமல் வளையமாக நிற்கிறது. துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடுகிறது என்று எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொல்வார். நான் நம்புவதில்லை. நிழலில் காய்ந்த துளியும் வளையம் போடுகிறதே! வெயில் செய்வது வேறு: துடைக்க நேரம் கொடுக்காமல் காயவைக்கிறது, சூடான பெயின்டில் உப்பை இறுகப் பிடிக்கவைக்கிறது.

கறையைத் தொடுமுன் வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மேடாகத் தட்டுப்பட்டால் உப்பு மேலே உட்கார்ந்திருக்கிறது, எளிதில் வரும். விரலுக்கு ஒன்றும் தெரியாமல், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மட்டும் குழி குழியாகத் தெரிந்தால், அது பெயின்டுக்குள் அரித்து இறங்கிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மேடாக இருப்பதற்கு வினிகர் போதும். நிறமில்லாத வெள்ளை வினிகர், சர்க்கரையோ சாயமோ சேராதது. ஐந்து சதவீதப் புளிப்புள்ள சமையல் வினிகருக்குச் சம அளவு தண்ணீர். எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். காய்கறி அதில்தான் மேலே ஏறும். அன்று வினிகர் போத்தல் அதில் கீழே இறங்கியது. கீழே நின்றவன் என் தம்பி மகன்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. மைக்ரோஃபைபர் துணியை வினிகரில் நனைத்துக் கறையின் மேல் போர்த்துங்கள். தேய்க்க வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே கிடக்கட்டும், ஆனால் காயவிடாதீர்கள். அப்புறம் மெல்ல வழித்தெடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, கார் ஷாம்பூ போட்டு ஒருமுறை கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். ஒரு கதவை முடித்த பிறகு அடுத்த கதவு. எங்கள் கூரைக்கு மூன்று சுற்று ஆனது.

இரண்டாவது சுற்றில் வினிகர் தீர்ந்தது. நான் இன்னொரு போத்தல் தேடிக்கொண்டிருக்கும்போதே பையன் அடுக்களையிலிருந்து புளியை எடுத்துப் போயிருக்கிறான். கேட்டால், "குத்துவிளக்குக்கு நீங்க புளிதானே போட்டுத் தேய்க்கிறீங்க, அத்தை?" என்கிறான். பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பாதி சரி. புளியின் புளிப்பும் அமிலம்தான், உப்பு கரைந்தே போனது. ஆனால் புளியில் நாரும் ஓட்டுத் துணுக்கும் மணலும் இருக்கும். பித்தளைக்கு அந்த உரசல் நல்லது. இடதுபக்கப் பின்கதவில் இன்றைக்கும் சாயங்கால வெயில் விழுந்தால் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரியும்.

அரித்து இறங்கிய கறைக்குப் பாலிஷ்தான் வழி, அங்கே கொஞ்சம் பயம் வேண்டும். இப்போதைய வண்டிகளில் வண்ணத்தின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் இருக்கும். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் குழியை நிரப்புவதில்லை. சுற்றியிருப்பதைச் செதுக்கிக் குழியின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும், திரும்ப வளராது.

சிவப்புக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணில் படாத மூலையில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் கிளியர் கோட் இருக்கிறது. துணியில் சிவப்பு ஏறினால் மேலே ஒன்றும் இல்லை, தேய்வது வண்ணமேதான். பழைய சிவப்பு வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். எங்கள் ஃபிட்டில் எல்லா இடமும் வெள்ளை, முன் பம்பரில் மட்டும் துணி குங்குமமாக வந்தது. முன்பு வைத்திருந்தவர் எங்கோ முட்டி, மலிவாக அடித்து மறைத்திருக்கிறார். வாங்கி இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், ஸ்பாஞ்ச் பேட், இரண்டு கையகல இடம். அதில் செய்துபார்த்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, திருப்தியானால்தான் அடுத்த இடம். மிஷின் பழகாதவர்கள் கையாலேயே செய்யுங்கள். அதற்கும் மசியாத குழியை விட்டுவிடுங்கள். கிளியர் கோட்டைத் தின்று தீர்ப்பதைவிட ஒரு குழியோடு வாழலாம்.

முடிந்ததும் மெழுகு, அதாவது கார் வாக்ஸ். வினிகரும் பாலிஷும் பழைய மெழுகை எடுத்துவிடும் என்பதால் இது கட்டாயம். ஆனால் மெழுகு போட்டால் கறையே விழாது என்று நினைத்துவிடாதீர்கள். மெழுகின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், அழகாகத்தான் இருக்கும். காயவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வளையம். மெழுகு உப்பைப் பெயின்டோடு ஒட்டாமல் தடுக்கும், அவ்வளவே. துடைப்பது உங்கள் வேலை.

எங்கள் வண்டிக்குக் கறை வந்ததன் பாதிக் காரணம் திஞ்சான்கூட இல்லை, மின்வெட்டு. கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். அது மதியம் பன்னிரண்டுக்கு வந்தால், வந்தபோதே கழுவிவிடுவோம் என்று பையன் உச்சிவெயிலில் கழுவுவான். ஒரு கதவைத் துடைத்து முடிப்பதற்குள் மறு கதவு காய்ந்திருக்கும். இப்போது கரண்ட் வரும்போது டிரம்மை மட்டும் நிரப்பி வைக்கிறோம், கழுவுவது மறுநாள் விடியலில். இதில் இன்னொரு லாபம்: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம், ராத்திரி முழுக்கக் காற்றுப் பட்டுக் கிடந்தால் இரும்பு துருவாகி அடியில் பழுப்பாகப் படிந்துவிடுகிறது. மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுப்போம். சுண்ணாம்பு உப்பு இப்படிப் படியாது, கரைந்தே இருக்கும். அதனால் கடைசி அலசலுக்குக் குடிக்க வாங்கும் 20 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர்க் கேனில் அடியில் மிஞ்சுகிற இரண்டு லிட்டர். கூரையிலிருந்து மெதுவாக வழியவிட்டால் கூரைக்கும் பானெட்டுக்கும் போதும்.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், மெழுகைக் கழற்றிவிடும். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் அழுக்குத் துணியை அலச வெறும் தண்ணீர். துடைக்கப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. பழைய லுங்கி வேண்டவே வேண்டாம். காக்கை எச்சத்தை மட்டும் எந்த நேரமானாலும் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள், அது உப்பைவிட வேகமாக அரிக்கும்.

அனோரதா வீதிக் காளி கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டால் பானெட்டில் பூசும் திருநீற்றையும் உலர்ந்த கையால் துடைக்காதீர்கள். சாம்பல் நொரநொரவென்று கீறும். தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மே நடுவில் மழை பிடித்துவிட்டால் அக்டோபர் வரை கழுவும் வேலை பாதி. மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் முதல் மழை ஊர்த் தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்து கூரையில் விடும். நனைந்து நின்ற வண்டியில் பளிச்சென்று வெயில் அடித்தால் பையன் இப்போது சொல்லாமலே இறங்கிவிடுகிறான், துண்டை நான் கயிற்றில் அனுப்புகிறேன்.