முழுகாமல் இருக்கும்போது ஆட்டுக்கறியை விட வேண்டாம், பொலோனியை விடுங்கள்

டர்பன் பக்கம் நம் வீடுகளில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், ஆட்டுக்கறி சூடு, கோழி சூடு என்று ஆளாளுக்குத் தடை போடுவார்கள், ஆனால் அதே வீட்டில் ரொட்டிக்கு நடுவே பொலோனியை, அதாவது அரைத்த இறைச்சியில் செய்த பெரிய சாசேஜை, வெட்டி வைத்துக் கொடுப்பார்கள். நன்றாக வெந்த கறியில் இரும்புச்சத்து இருக்கிறது, அது இப்போது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். பயப்பட வேண்டியது, சூடாக்காமல் அப்படியே தின்னும் இறைச்சிக்குத்தான்.

2017-18இல் தென்னாப்பிரிக்காவில் லிஸ்டீரியா என்ற கிருமி பரவியபோது 1,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும். பொலோனியிலிருந்துதான் வந்தது என்று 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சரே அறிவித்தார். இந்தக் கிருமி ஃபிரிட்ஜுக்குள்ளும் பெருகும், ஃபிரீசரிலும் சாகாது. அதனால் பொலோனி, வியன்னா சாசேஜ், ஹாம் (பன்றித்தொடை இறைச்சி) எதுவானாலும் பிள்ளை பிறக்கும்வரை தள்ளி வையுங்கள். ஆசை அடங்கவில்லையா, உள்ளே வரைக்கும் ஆவி பறக்கச் சூடாக்கி உடனே சாப்பிடுங்கள். பாக்கெட்டில் தேங்கும் தண்ணீர் சாலட் மேல் சொட்டக்கூடாது, கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பில்டாங்கும் வேண்டாம், அது காயவைத்த பச்சை இறைச்சி.

வெளியே நெருப்பில் கறி சுடும் பிராய் அன்றைக்குத்தான் அதிகம் ஏமாறுவோம். வெளியே கருகியிருக்கும், உள்ளே சிவப்பாக இருக்கும். கோழித்தொடையை எலும்போரம் கீறிப் பாருங்கள், ரோஸ் நிறம் தெரிந்தால் மறுபடி நெருப்புக்கே போகட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், கைமாவில் செய்த வோர்ஸ் என்ற சாசேஜுக்கும் பர்கருக்கும் 71. பச்சைக்கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்காதீர்கள், ஆண்கள் பேச்சு சுவாரசியத்தில் செய்வது இதைத்தான். கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தண்ணீர் சிங்க் முழுக்கத் தெறித்துக் கிருமி பரவும், கழுவாமலே மஞ்சளும் உப்பும் தடவி ஊறவிடுங்கள், கிருமி நன்றாக வேகும்போதுதான் சாகும்.

ரத்தம் ஊறும் என்று மாமியார் ஈரல் வறுத்துக் கொடுத்தால், பக்குவமாக மறுத்துவிடுங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கெடுதி.

அப்புறம், நேற்றைய குழம்பு என்றால் தளதளவென்று கொதிக்க வேண்டும், வெதுவெதுப்பு போதாது.

காய்ச்சல், உடம்புவலி வந்தால் சாதாரண ஃப்ளூ என்று படுத்துக்கொள்ளாதீர்கள். லிஸ்டீரியா, சாப்பிட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் தலைகாட்டும். அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், கர்ப்பமாக இருப்பதையும் சில வாரங்களாகச் சாப்பிட்டதையும் சொல்லுங்கள், ரத்தத்தைச் சோதித்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிள்ளையைக் காப்பாற்ற வழியுண்டு.