வீட்டுச் சோப்பு: சமையல் கை தப்புப் பண்ணும் இடங்கள்

என் முதல் சோப்பு அச்சில் இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் எடுத்து வெட்டினால் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. ஒரு துண்டை நனைத்துப் புறங்கையில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் நல்ல செக்கு எண்ணெய், காஸ்டிக் சோடாவும் புதிது. தப்பு எங்கே என்று பிடிபட ஒரு வாரம் ஆனது. ஒரு லிட்டர் எண்ணெயை நான் 1000 கிராம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறோம்? ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். 910 கிராமுக்கு 166.5 கிராம். நானோ 1000 கிராமுக்குக் கணக்குப் போட்டு, வழக்கமாகக் குறைக்கும் 5 சதவீதத்தையும் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) குறைத்து, 174 கிராம் போட்டிருந்தேன். எண்ணெய் எல்லாம் தீர்ந்த பிறகும் ஏழு கிராமுக்கு மேல் காஸ்டிக் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது. எரியாமல் என்ன செய்யும்?

சமையலில் கண்ணளவு நம்மைக் காப்பாற்றும். உப்பு கூடினால் கொஞ்சம் தண்ணீர், புளிப்பு கூடினால் துளி வெல்லம். சோப்பில் அந்தக் கைப்பக்குவம்தான் முதல் எதிரி. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் மூன்றையும் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். டம்ளர், கரண்டி அளவெல்லாம் இங்கே செல்லாது.

அடுத்தது, "நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சு, தேங்காய் எண்ணெயையே ஊற்றிக்கொள்ளலாம்" என்கிற சமாளிப்பு. ஒரு கிராமுக்கு எத்தனை கிராம் காஸ்டிக் என்று ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் உண்டு. நல்லெண்ணெய்க்கு சுமார் 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 என்று எடுத்தால் முறையே 54.9, 20.1, 6.4 என வந்து, மொத்தம் 81.4 கிராம் காஸ்டிக். அதில் 5 சதவீதம் குறைத்து 77 கிராம் போட்டால், சோப்பாக மாறாத கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலைக் காக்கும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, 154 கிராம். ஓர் எண்ணெயை மாற்றினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்தால் நுரை பிரமாதமாக வரும், ஆனால் தோல் வறண்டுவிடும். அதனால் அதற்குக் காஸ்டிக்கை 20 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். விளக்கெண்ணெயைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் சோப்பு பிசுபிசுக்கும்.

"காஸ்டிக்கே இல்லாமல் இயற்கையாகச் செய்ய முடியாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. முடியாது. எண்ணெயும் காஸ்டிக் என்கிற காரமும் சேர்ந்து மாறுவதற்குப் பெயர்தான் சோப்பு. உருக்கி ஊற்றும் சோப்பு பேஸ் வாங்கினால், காஸ்டிக் வேலையை வேறு யாரோ முடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காரமே வேண்டாம் என்பவர்களுக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் பயத்தமாவும் இருக்கவே இருக்கின்றன. அவை நல்ல பொருட்கள்தான், ஆனால் சோப்பு அல்ல. சலவை சோடா, சமையல் சோடா இரண்டும் காஸ்டிக்குக்கு மாற்று ஆகாது. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியையும் தொடாதீர்கள். அதில் அலுமினியத் துகள் உட்பட என்னென்னவோ கலந்திருக்கும்.

அலுமினியம் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டில் பழைய அலுமினியச் சட்டி ஒன்று எப்போதும் சும்மா கிடக்கும். சோப்புக்கு அதுதான் சரி என்று கை தானாகப் போகும். காஸ்டிக் அலுமினியத்தை அரித்துப் பொங்கி, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். எவர்சில்வர், அல்லது சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக் போதும்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் போகும். ஆவி மூக்கைத் தாக்கும். மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துக் கரையுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் நல்லது. மேலே பட்டால் வினிகர் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். காரமும் அமிலமும் சேரும்போது இன்னும் சூடு கிளம்பும். குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அப்படிக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. கரைத்த காஸ்டிக் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பதம் விஷயத்தில் மட்டும் சமையல்காரர்களுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. எண்ணெயும் காரமும் சுமார் 40 டிகிரிக்கு ஆறியதும் கலந்து அடிக்கிறோம். கலவை தளர்ந்த இட்லி மாவு மாதிரி வந்து, கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே ஒரு நொடி அழியாமல் நின்றால் அதுதான் ட்ரேஸ். அதற்கு முன்பே அச்சில் ஊற்றினால் எண்ணெய் மேலே பிரிந்துவிடும். ஹேண்ட் பிளெண்டரில் சில நிமிடம் போதும். மத்தால் கடைந்தால் பொறுமை வேண்டும். வாசனைக்கென்று கிராம்பு எண்ணெயைத் தாராளமாக விட்டால் கலவை கண் எதிரே இறுகிப் பாத்திரத்திலேயே நின்றுவிடும்.

இனி, கண்டதையெல்லாம் உள்ளே போடும் ஆசை. மஞ்சள் போட்டால் மஞ்சள் சோப்பு வரும் என்று நினைப்போம். ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது அல்லவா? இங்கேயும் அதே காரம், அதே சிவப்பு. அப்புறம் நாளாக நாளாக மங்கும். வேப்பிலை, குப்பைமேனி விழுதின் பச்சை பழுப்பாகும். ரோஜா இதழ் கறுக்கும். பச்சை விழுது அதிகமானால் பூஞ்சையும் வரும், அதைவிடக் காய்ந்த பொடி நல்லது. பாலை அப்படியே ஊற்றினால் காஸ்டிக் சூட்டில் கருகும். ஐஸ் கட்டியாக உறைய வைத்து அதில் காஸ்டிக்கைத் தூவுங்கள். எலுமிச்சைச் சாறு போட்டால் அமிலம் காஸ்டிக்கைத் தின்றுவிடும், கணக்கு உதைக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவை 5.5 ஆக்குகிறேன் என்று வினிகர் ஊற்றுபவர்களும் உண்டு. சோப்பின் இயல்பே 9, 10தான். அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் சோப்பு பிரிந்து எண்ணெய்ப் பிசுக்காகிவிடும்.

ஆற வைப்பதில் ஒரு தப்பெண்ணம் பலமாக இருக்கிறது: ஆறு வாரம் வைத்தால் காரம் தானாகப் போய்விடும் என்பது. எண்ணெயும் காரமும் சேரும் வேலை முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருப்பது தண்ணீர் வற்றி சோப்பு கெட்டிப்படத்தான். கூடுதலாகப் போட்ட காஸ்டிக் அதில் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். மழைக்காலத்தில் சோப்பின் மேல் வியர்த்த மாதிரி நீர் பூக்கும். உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். பயந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாமல், இடைவெளி விட்டு அடுக்கி ஃபேன் காற்றில் வையுங்கள். ஆரஞ்சுப் புள்ளியும் காறல் வாடையும் வந்தால் அது வேறு கதை, எண்ணெய் சிக்கெடுத்துவிட்டது.

அந்த உதிர்ந்த முதல் சோப்பை நான் தூக்கிப் போடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு துருவினேன். கணக்கில் விட்டுப்போன அந்த 90 கிராம் தேங்காய் எண்ணெயையும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, இரண்டு மணி நேரம் கிளறினேன். ரவை உப்புமா போலத் திரண்டு வந்தது. அச்சில் அமுக்கி வைத்து, மறுநாள் துளி தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரி முனையைத் தொட்டது போலச் சுரீர் என்னும். ஒன்றும் இல்லை, வெறும் சோப்பு ருசி. பார்க்கச் சகிக்காத அந்தக் கட்டிகள் நாலு மாதம் கை கழுவ வந்தன.