தீவில் கொட்டும் மழையில் கார் ஓட்டுவது: புதியவர்களுக்கான செய்முறை

வெப்பமண்டலத் தீவில் மழைக்காலத்தில் ஸ்டியரிங் பிடிப்பவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று: தலைக்கு மேல் பெய்யும் மழையைவிட மலை உச்சியில் பெய்யும் மழைதான் வண்டியை அடித்துப் போகும். ஈரமான கடற்காற்று தீவின் நடுவே நிற்கும் மலையில் மோதி மேலேறும், குளிரும், அங்கேயே கொட்டித் தீர்க்கும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் மலைப்பகுதியில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பதிவானது. ஒரு நாள் மழையில் உலகச் சாதனை அதுதான். தீவின் ஆறுகள் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. மேலே விழுந்த தண்ணீர் கீழே வர அதிக நேரம் பிடிக்காது. கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே காட்டாறு சாலையை மூடிவிடும்.

படி 1: புறப்படும் முன் பாதையைப் பாருங்கள்

வரைபடத்தைத் திறந்து, உங்கள் வழி எத்தனை இடங்களில் ஓடையைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். அவற்றில் உயரமான பாலம் எது, தரைப்பாலம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து தரைப்பாலங்களில்தான். பல தீவுகளில் கரையோரமாகச் சுற்றி வரும் சாலை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். முன்னால் ஓர் ஓடை பெருகி, பின்னால் இன்னொன்று பெருகினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் வழியில் மேடான ஊர் எது, எங்கே ஒதுங்கிக் காத்திருக்கலாம் என்பதை முன்பே தீர்மானியுங்கள். எரிபொருள் அரை டேங்குக்குக் குறையக் கூடாது.

மழை ரேடாரில் உங்கள் ஊரை மட்டும் பார்க்காமல் மலைப்பக்கத்தையும் பாருங்கள். கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள். ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாமல் எதிர்த்து நிற்கும். அதை ஒட்டிய சாலைதான் முதலில் மூழ்கும்.

படி 2: வண்டியைச் சோதியுங்கள்

டயரிலிருந்து தொடங்குங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. கனமழைக்கு அது போதாது, 3 மி.மீ. இருந்தால்தான் சக்கரத்துக்கு அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள முடியும். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர். வாடகை வண்டி என்றால் கையெழுத்துப் போடும் முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். நாசா ஆய்வாளர்கள் 1963இல் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து சொன்ன கணக்கு காருக்கும் வழிகாட்டும்: பள்ளங்களை மூடும் அளவுக்குச் சாலையில் தண்ணீர் நின்றால், 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) உள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு மிதக்கும், 22 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் 78 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். தேய்ந்த டயரின் பள்ளம் ஆழம் குறைந்தது என்பதால் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே அந்த நிலை வந்துவிடும்.

வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிப்போகும். தண்ணீர் தெளித்து ஓடவிட்டுப் பாருங்கள். கோடு கோடாக விட்டால் மாற்றுங்கள். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியில் வைத்தால் பயனில்லை.

படி 3: மழை தொடங்கியதும் வேகத்தைக் குறையுங்கள்

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையில் முதல் கால் மணி நேரம் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் தண்ணீரோடு குழைந்து மேலே மிதக்கும். மரங்கள் அடர்ந்த சாலையில் விழுந்த இலையும் பழமும் சேர்ந்துகொள்ளும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடியிருப்பீர்கள். அதன்பின் காய்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர், ஈரச் சாலையில் 35, மொட்டை டயரில் அதற்கும் மேல். ஆகவே முன்வண்டிக்கும் உங்களுக்கும் 4 வினாடி இடைவெளி விடுங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். ஹெட்லைட் லோ பீமில் இருக்கட்டும். ஹை பீம் மழைத்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரம் என்றால் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் படிந்திருப்பது வெளிப்பக்கம். ஏசி கண்ணாடியை அதிகம் குளிரவைத்துவிட்டது என்று பொருள். வைப்பரை ஓடவிட்டு, ஏசிக் காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, குளிரைக் குறையுங்கள். இந்த இரண்டாவது வகை வெப்பமண்டலத்தில் அடிக்கடி வரும். குளிர்நாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டதா? சக்கரம் மிதக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும்.

படி 4: தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்தாலும் விடக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர், தரையிலிருந்து அடித்தட்டின் உயரம் 17 செ.மீ. தண்ணீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 60 கிலோ எடையைத் தூக்கிவிடுகிறது. தண்ணீர் 30 செ.மீ. வந்தால் 780 கிலோ போய்விடும். சக்கரங்கள் தரையை அழுத்துவது வெறும் 220 கிலோவால். ஓடும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளினால் அவ்வளவுதான், வண்டி நகர்ந்துவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 செ.மீ. ஓட்டத்தில் எஸ்யூவியும் தப்பாது.

அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. கலங்கிய தண்ணீர் தார்ச்சாலையை அரித்துக் குழி பறித்திருக்கலாம். முன்னால் பேருந்து போனது உங்களுக்கு அளவுகோல் இல்லை. அதன் எடை வேறு, உயரம் வேறு.

தெளிந்த ஓடை கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ வெள்ளம் வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் நிறுத்தியிருந்தால் உடனே மேட்டுக்குப் போங்கள். வண்டியை நகர்த்த நேரமில்லை என்றால் அதை விட்டுவிட்டு ஏறுங்கள்.

ஓட்டமில்லாமல் தேங்கி நிற்கும் தண்ணீர், 15 செ.மீ.க்குள் என்று உறுதியாகத் தெரிந்தால் கடக்கலாம். எதிரே வண்டி வராதபோது இறங்குங்கள். முதல் கியர், நடக்கும் வேகம், நடுவில் கியர் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். வேகமாகப் போனால் அலை எழும்பி காற்றை உள்ளிழுக்கும் ஏர் இன்டேக் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் புகும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை அமுக்கப் போய், பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே தண்ணீரில் இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்தி உலர்த்துங்கள்.

படி 5: வண்டி மிதந்தால்

பெல்ட்டைக் கழற்றுங்கள், ஜன்னலை உடனே இறக்குங்கள், குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். கதவோடு போராட வேண்டாம். 1 மீட்டர் அகலக் கதவில் 50 செ.மீ. தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 125 கிலோ எடைக்குச் சமம். ஜன்னல் இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் சுத்தியலால் அடியுங்கள். முன்கண்ணாடி லேமினேட் செய்தது, எளிதில் உடையாது.

படி 6: மலைச்சாலையில் இறங்கும்போதும் மழை விட்ட பிறகும்

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கீழ் கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது 2. வெட்டிய மலைச்சரிவுக்கு அடியில் நிறுத்தி மழை விடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சாலையில் புதிதாகச் சிறு கற்கள், சரிவிலிருந்து சேற்று நீர், சாய்ந்த கம்பம், தாரில் புது விரிசல்: இவற்றில் எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். நனைந்த மண் மழை நின்று சில மணி நேரம் கழித்தும் சரியும், மறுநாளும் சரியும்.

வண்டி மேல் மின்கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். இறங்கும் நொடியில் உங்கள் உடல் வழியே மின்சாரம் தரைக்குப் பாயும். மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று மின்துறை ஊழியர் சொன்ன பிறகே கதவைத் திறங்கள். தீப்பிடித்துவிட்டால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலடியைச் சேர்த்தே நகர்த்தி விலகுங்கள்.