நாளைக்குக் கிளம்ப முடியுமா? ஆள்கடத்தலை அடையாளம் காணும் வழி

கடத்தல் என்ற சொல் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. வாயைப் பொத்தி வேனில் தூக்கிப்போவதுதான் மனக்கண்ணில் வரும். ஆனால் சிக்கியவர்களில் பலர் தாங்களே பெட்டி கட்டி, வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவர்கள். சொந்த ஊரைத் தாண்டாமலே சிக்கியவர்களும் உண்டு. ஆகவே ஒருவர் எப்படி வந்தார் என்பதை விட, நாளைக்கு அவர் கிளம்ப நினைத்தால் முடியுமா என்று பாருங்கள்.

ஆள்கடத்தலைத் தடுக்க 2000-இல் ஐ.நா. ஏற்ற ஒப்பந்தமான பலெர்மோ நெறிமுறை, ஒன்று ஆள்கடத்தல்தானா என்று முடிவுசெய்ய மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஆளைச் சேர்ப்பது, கூட்டிப்போவது, தங்கவைப்பது போன்ற ஒரு செயல். அதற்குக் கையாண்ட மிரட்டல், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். 18 வயது நிரம்பாதவர் என்றால் இரண்டாவதை நிரூபிக்கவே வேண்டாம். இந்த வழிகளில் ஒன்று இருந்தால், ‘சம்மதித்துத்தானே வந்தார்’ என்ற வாதமும் செல்லாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிவைத்துக்கொள்வது, சம்பளத்தைப் பிடித்துவைப்பது, வெளியாட்களோடு பேசவிடாமல் வைப்பது, போலீசிடம் பிடித்துக்கொடுப்பேன் என்று பயமுறுத்துவது எல்லாம் அதில் வரும். பலரும் கோட்டைவிடுவது கடனைத்தான். அடி உதை கண்ணில் படும். கடன் நோட்டுப்புத்தகத்துக்குள் இருக்கும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பயணச் செலவு, ஏஜென்ட் கமிஷன் என்று கடன் 1,00,000. மாதச் சம்பளம் 12,000. அதில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் 7,000, மாதம் 4 சதவீத வட்டி 4,000, ஏதோ ஒரு அபராதம் 1,000. மிச்சம் பூஜ்யம். ஒரு மாதம் முழுக்க உழைத்தும் கடன் அதே 1,00,000. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் கடன் ஏறும். பூட்டே தேவையில்லாத சிறை இது. ‘எவ்வளவு பாக்கி?’ என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. நோட்டு முதலாளியிடம் இருக்கும்.

பேசுவதானால் தனியாக இருக்கும்போது மட்டும் பேசுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் அவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலாளி அனுப்பிய மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு எதையும் கேட்கக் கூடாது. ‘உங்களைக் கடத்திட்டாங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். தன்னை அப்படி அவர் நினைத்ததே இல்லை. ‘வேலையை விட்டுட்டா என்ன ஆகும்?’, ‘சம்பளம் யார் கையில் வருது?’ என்று கேளுங்கள். குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அந்தக் குழந்தையையும் வதைக்கும், வழக்கையும் கெடுக்கும்.

நல்லெண்ணத்தோடு செய்வதே சில நேரம் ஆளைக் காவுவாங்கும். முதலாளியிடம் நேரில் சண்டைக்குப் போனால் அன்றிரவே இடம் மாற்றிவிடுவார்கள். படம் எடுத்து இணையத்தில் போட்டால், ஊரில் இருக்கும் அவருடைய குடும்பத்துக்கு மிரட்டல் போகும். கடனை நீங்களே அடைத்து மீட்டால் அந்தப் பணத்தில் அடுத்த ஆள் வருவார்.

தேதி, நேரம், இடம், வண்டி எண், காதில் விழுந்த வார்த்தைகள் ஆகியவற்றை அப்படியே எழுதிவையுங்கள். உங்கள் ஊகத்தை அதோடு கலக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தை என்றாலோ உடனே காவல்துறையையோ குழந்தைகள் உதவி எண்ணையோ அழையுங்கள். மற்றபடி பெரியவர் என்றால் அவர் விருப்பத்தைக் கேட்ட பிறகே ஆள்கடத்தல் தடுப்பு உதவி எண்ணுக்கோ தொழிலாளர் ஆய்வாளருக்கோ சொல்லுங்கள். விசா காலாவதியானவராக இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரையோ தொண்டு நிறுவனத்தையோ அணுகுங்கள். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கி நாடுகடத்துவது நடக்கிறது. அப்படித் திரும்பிப் போகிறவருக்காக அந்தக் கடன் ஊரில் காத்திருக்கும்.