தைரியமா, மனசு மரத்துப்போனதா?

அப்பாவுக்கு டயாலிசிஸ், கூடவே வீட்டுக்கடன். நான் அழவே இல்லை. நாகர்கோவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் "நல்ல தைரியம்" என்றார்கள். ஆனால் சாளை மீன் குழம்பான புளிமுளம்கூட ருசிக்கவில்லை. அக்கா மகள் பேச்சுப்போட்டியில் ஜெயித்தபோதும் மனசு அசையவில்லை. "லேய் மக்கா, நீ இங்கயே இல்லியே" என்றாள் அக்கா.

ஒரு விஷயம் தைரியம் தருகிறதா, மரக்க வைக்கிறதா என்று நான் பார்த்த சோதனை ஒன்றுதான்: அதைச் செய்தபின் பேங்க் நோட்டீஸைப் பிரிக்க முடிகிறதா? சங்குத்துறைக் கடற்கரையில் நடந்து வந்தால் முடிந்தது. நள்ளிரவுவரை ரீல்ஸ் தள்ளினால் முடியவில்லை. கவலையோடு சந்தோஷமும் சேர்ந்தே அணைந்தது. (கொஞ்ச நேரம் பார்த்துச் சிரிப்பது ஓய்வுதான், அதைச் சொல்லவில்லை.)

ராத்திரி போனை அடுக்களையில் வைத்துவிட்டு, அன்றைக்குப் பயந்த ஒரு விஷயத்தை அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் எரிச்சல் வந்தது, அப்புறம் அழுகை, பிறகுதான் நாக்குக்கு ருசி.

வாரக்கணக்கில் மரத்தே கிடந்தால் 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் அடியுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.