மனம் கனக்கும்போது: தொழுகையும் தூக்கமும் மருத்துவமும்

மனச்சோர்வுக்கு ஆளானவரிடம் "ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டது, அதனால்தான் இப்படி" என்று சொல்லும் வழக்கம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் உள்ள நம் வீடுகளிலும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அந்தச் சொல் நோயாளியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. அது உண்மையும் அன்று. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் நபி யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆனே (12:84) கூறுகிறது. தம் குழந்தை இப்ராஹீமின் இறுதி வேளையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் துயரத்தைப் பாவமாக எண்ணாமல், வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது அதைச் சொல்லிவிடுவதே.

மனம் சோர்ந்தவருக்கு நாளின் ஒழுங்குதான் முதலில் குலைகிறது. பகலில் படுக்கை, இரவில் விழிப்பு, நேரம் தவறிய உணவு என்று ஆகிவிடும்போது, ஐந்து வேளையும் ஒலிக்கும் பாங்கு என்னும் தொழுகை அழைப்பு அந்த நாளைத் திரும்பக் கட்டுவதற்குக் கிடைக்கும் உறுதியான சட்டகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முயலாமல், இஷா (இரவுத் தொழுகை), ஃபஜ்ரு (அதிகாலைத் தொழுகை) ஆகிய இரண்டை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரி என்னும் ஹதீஸ் (நபிமொழித்) தொகுப்பில் பதிவாகியுள்ளது. இன்று அந்தப் பேச்சின் இடத்தைக் கைப்பேசி பிடித்திருப்பதால், அதை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது நல்லது. இரவு சரியாகத் தூங்காவிட்டாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள், வீடு திரும்பியதும் அறையை இருட்டாக்கிக்கொண்டு லுஹர் (நண்பகல் தொழுகை) வரை உறங்குவதை நிலையான வழக்கமாக்கிக்கொள்வதும், அதுவரை அவர்களை எழுப்பாமல் வீட்டார் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஃபஜ்ரு முடிந்தபின் முப்பது நிமிடம் நடங்கள். காலை வெளிச்சம் உடலின் தூக்கக் கடிகாரத்தைச் சீராக்குகிறது. நடை மனச்சோர்வைக் குறைக்கிறது. கே.ஆர்.பி. அணைப் பக்கம் போக முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் தெருவே போதும். வெளியே செல்லத் தயங்கும் பெண்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் நடையோடு பேச்சும் கிடைக்கும்.

அல்லாஹ்வை நினைவுகூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்ற வசனம் (13:28) நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் தொழுத உடனே அந்த அமைதி வராதபோது, தம் தொழுகை ஏற்கப்படவில்லையோ என்று நோயாளி அஞ்சுகிறார். எதிலும் சுவை தெரியாமல் போவது மனச்சோர்வின் அறிகுறி. அது தொழுகையையும் தொடும். அந்த நாட்களில் ஃபர்ளை (கட்டாயத் தொழுகையை) மட்டும் நிறைவேற்றுங்கள், நிற்க இயலாவிட்டால் அமர்ந்து தொழுங்கள், கண்ணீர் வருகிறதா என்று உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளாதீர்கள்.

கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆவை (பிரார்த்தனையை) நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதினார்கள். மனக்கவலையும் கடனும் ஒரே துஆவில் இடம்பெற்றிருப்பதை மாங்காய் வியாபாரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டு விலை சரிவதைப் பார்த்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எளிதில் உணர்வார்கள். துஆவை ஓதிய கையோடு யாருக்கு எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் காட்டுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் (இறைவன் மீது பொறுப்புச் சாட்டுதல்) வைக்கச் சொன்னது மார்க்கம்.

வஸ்வாஸ் எனப்படும் ஓயாத சந்தேக எண்ணம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தூய்மை) முறிந்துவிட்டதோ, கை சரியாகக் கழுவப்படவில்லையோ, தக்பீர் (தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பர்') கூடவில்லையோ என்று சிலர் அரை மணி நேரம் குழாயடியில் நிற்கிறார்கள். அதைப் பேணுதல் என்று வீட்டார் பாராட்டவும் செய்கிறார்கள். பலருக்கு இது எண்ணச் சுழல் நோய் (OCD). நபி (ஸல்) அவர்கள் 'முத்' எனப்படும் இரு கையளவு நீரிலேயே உளூ செய்திருக்கிறார்கள். எனவே ஒரு செம்பு நீரோடு நிறுத்துங்கள், சந்தேகம் வந்தாலும் திரும்பச் செய்யாதீர்கள். பதற்றம் சற்று ஏறித் தானாக இறங்கும். தனியாக முடியவில்லை என்றால் இதற்குப் பயிற்சியும் மருந்தும் உண்டு.

உணவில் பெரிய மாற்றம் தேவையில்லை. ராகிக் களியும் கீரையும் பருப்பும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்; அஸருக்குப் (மாலைத் தொழுகைக்குப்) பின் டீயை நிறுத்துங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், மருத்துவரிடம் செல்லுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஓதிப் பார்ப்பதை மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யலாம், மருத்துவத்துக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. 2001 ஆகஸ்டில் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள் என்பதை மறந்துவிட்டு யாரையும் எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது.

மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தெளிவு வந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரைகளைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் ஆபத்து என்பதால், மருத்துவர் வேண்டாம் என்றால் நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளிக்குக் குர்ஆன் (2:184) தந்த சலுகை மனநோயாளிக்கும் உரியது.