நாயோடு வருபவர்களுக்கான மதுக்கூடம்: வரைபடத்திலேயே நேரும் தவறுகள்

நாய்களை அனுமதிக்கும் மதுக்கூடத்தையோ திறந்தவெளி உணவகத்தையோ அமைப்பவர்கள் பெரும்பாலும் மனிதர்களுக்கான வரைபடத்தை முடித்த பிறகே, ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணத்தையும் சுவரில் நாய்ப்படம் ஒன்றையும் சேர்க்கிறார்கள். பின்னால் எழும் தொல்லைகளில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

மேசைகளுக்கு இடையிலான தூரத்தை நாற்காலியை வைத்துக் கணக்கிடுவது முதல் தவறு. கணக்கில் வரவேண்டியது நாயைப் பிடிக்கும் வாரின் நீளம். பரவலாகப் பயன்படும் வார் சுமார் 1.8 மீட்டர் இருக்கும் என்பதால், இரண்டு நாய்கள் ஒன்றையொன்று எட்டாதிருக்க அவற்றைப் பிடித்திருப்பவர்களுக்கு இடையில் 3.6 மீட்டருக்கு மேல் வேண்டும். எல்லா மேசைகளையும் அவ்வளவு தள்ளிப்போட எந்த உரிமையாளரும் சம்மதிக்கமாட்டார். ஆகையால், வாரைக் குறுக்கி மாட்டுவதற்கான கொக்கிகளைப் பரிமாறுபவர் நடக்கும் பக்கத்தில் அல்லாமல் சுவரோரமாகப் பதித்து, மேசைகளுக்கு நடுவே இடுப்புயர மறைப்புகளை நிறுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும். கொக்கி இல்லாவிட்டால் வாரை நாற்காலிக் காலில் கட்டிவிடுவார்கள். நாய் துள்ளியதும் நாற்காலி சரியும், அந்த ஓசைக்கு மிரண்டு நாய் ஓடும், தன்னைத் துரத்துவது தான் இழுத்துச் செல்லும் நாற்காலிதான் என்பது அதற்குத் தெரியாது.

வாயிலில் ஒற்றைக் கதவோடு நிறுத்திக்கொள்வதும் தவறே. ஒன்று சாத்திய பிறகே மற்றது திறக்கப்படும்படி இரண்டு கதவுகளும் நடுவில் ஒரு சிறு கூடும் இருந்தால்தான், அவிழ்ந்த நாய் தெருவுக்குப் பாயாது. உள்ளே வருவதற்கும் வெளியேறுவதற்கும் தனித்தனி வழி இருப்பது இன்னும் நல்லது, ஏனெனில் இறுகிய வாரோடு இரண்டு நாய்கள் குறுகிய வழியில் நேருக்கு நேர் சந்திக்கும் இடமே சண்டைக்குத் தோதான இடம்.

தரைக்குச் செயற்கைப் புல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள், நேர்வெயிலில் அது பாதம் பொறுக்காத அளவுக்குச் சுடும் என்பதையும், அடியில் வடிகால் சரியில்லாவிட்டால் சிறுநீர் நாற்றம் தங்கிவிடும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சற்றே சொரசொரப்பான, சாய்வாக அமைத்த கான்கிரீட் தரையும் அதன்மேல் நிழலும் போதும். அதைக் கழுவ அம்மோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்தக்கூடாது. சிறுநீரை ஒத்த அந்த வாடை, அதே இடத்தில் மறுபடியும் காலைத் தூக்க நாயை அழைக்கும்.

அலங்காரச் செடிகளில் அரளியும் சைகஸும் நாய்க்கு நஞ்சு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியும் அப்படியே; மதுக்கூடத்துக்குப் பொருத்தம் என்று பந்தலில் படரவிடும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். வார் அவிழ்த்து ஓடவிடும் பகுதிக்குள் உணவையும் கண்ணாடிக் குவளையையும் அனுமதிக்கக்கூடாது.

தனியாக நாயோடு வருபவர் கழிப்பறைக்குப் போகும்போது அதை எங்கே விடுவார் என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கதவுக்கு வெளியே, ஊழியரின் பார்வைபடும் தொலைவில், ஓர் உறுதியான கொக்கியும் கொஞ்சம் நிழலும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.